தென்துருவ மண்டபமும் ஆறாம் வகுப்புக் கூரையும்

அண்டார்டிகாவிலிருந்து திரும்பி வந்த அன்று எங்கள் பள்ளி வாசலில் எனக்குப் பூரண கும்ப மரியாதை நடந்தது. விமானத்தில் மடக்கியே வைத்திருந்த கால் இரண்டும் வீங்கிப் போயிருந்தன. வீட்டுக்குப் போய்க் குளித்துவிட்டு ஒரு வாய் ரசம் சாதம் சாப்பிட்டுப் படுத்தால் போதும் என்றிருந்தேன். ஆனால் எங்கள் தாளாளர் காரை நேராகப் பள்ளிக்கு விடும்படி டிரைவரிடம் சொல்லி அனுப்பியிருந்தார். வாசலில் வாழைமரம், மாவிலைத் தோரணம், நாதஸ்வரம், தவில். காஞ்சிபுரத்தில் இதற்கெல்லாம் பஞ்சமே கிடையாது. எது நடந்தாலும் யாராவது ஊதிக்கொண்டிருப்பார்கள். நான் இறங்கியதும் சத்துணவு சமைக்கும் அம்மா ஒரு சொம்புத் தண்ணீரை என் காலில் ஊற்றி, குனிந்து தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். பதறிப் போய்ப் பின்னால் நகர்ந்தேன்.

"தீர்த்தம் கொண்டாந்தீங்களா டீச்சர்?" என்று கேட்டார்.

"என்ன தீர்த்தம்?"

"அந்தப் பனித் தண்ணிதாம்மா. காசிக்குப் போறவங்க கங்கா தண்ணி கொண்டாருவாங்க இல்ல? நீங்க அத்தவிட தூரமா போயிட்டு வந்துகீறீங்க."

அங்கிருந்து ஒரு கூழாங்கல்லைக்கூட எடுத்து வரக் கூடாது என்று சட்டம் இருப்பதைச் சொன்னேன். கப்பலிலிருந்து கரைக்கு இறங்கும் ஒவ்வொரு முறையும் பூட்ஸை மருந்துத் தண்ணீரில் கழுவித் தேய்த்த பிறகுதான் காலை வைக்க விட்டார்கள் என்றும், வேறு ஊர் விதையும் கிருமியும் அங்கே போய்விடக் கூடாது என்பதற்காக அப்படி என்றும் விளக்கினேன். விளக்கியிருக்கக் கூடாது. அந்த அம்மா திரும்பிப் பின்னால் நின்றவர்களிடம், "கால் கழுவினாதான் உள்ள வுடுவாங்களாம்" என்றார். அதற்குப் பிறகு அது அவர்களுக்குக் கோயில்தான். நான் வாயைத் திறந்து பயனில்லை.

நான் இந்த ஊர்ப் பெண்கள் பள்ளி ஒன்றில் சமூக அறிவியல் ஆசிரியை. வெளிநாட்டு அமைப்பு ஒன்று பள்ளி ஆசிரியர்களைப் பொறுக்கியெடுத்துக் கப்பலில் தென்துருவப் பக்கம் அழைத்துப் போகிறது. போய்ப் பனி உருகுவதைக் கண்ணால் பார்க்க வேண்டும், திரும்பி வந்து ஊராரிடம் சொல்ல வேண்டும், அவ்வளவுதான் நிபந்தனை. கிடைக்காது என்ற தைரியத்தில் விண்ணப்பம் போட்டேன். கிடைத்துவிட்டது. பாலாற்றில் மழைக்காலம் தவிர மற்ற நாளில் தண்ணீரையே பார்க்காத எனக்குக் கப்பல். மூன்று ஆறு கூடும் இடம் என்று கோடையில் திருமுக்கூடலுக்குக் குழந்தைகளை அழைத்துப் போய், மூன்று மணல் கூடுவதைக் காட்டிவிட்டு வருகிற பிழைப்பு என்னுடையது.

போவதற்கு முன்னால் தாளாளரிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டேன். எங்கள் பள்ளியில் ஆறாம் வகுப்பு தகரக் கொட்டகையில் நடக்கிறது. மாடிக் கட்டடம் முழுக்கப் பத்தாம் வகுப்புக்கும் பிளஸ் டூவுக்கும். அவர்கள் எடுக்கும் மார்க்கைத்தான் பஸ் ஸ்டாண்டு பக்கம் பேனரில் போட முடியும். ஆறாம் வகுப்புக் குழந்தை என்ன மார்க் எடுத்தாலும் பேனருக்கு உதவாது, எனவே அதற்குத் தகரம். மாசி பிறந்துவிட்டால் அந்தத் தகரத்துக்குக் கீழே உட்கார முடியாது. குழந்தைகளுக்கு மூக்கில் ரத்தம் வரும், தலை சுற்றும். மேற்குப் பக்கம் இரண்டு பெரிய புங்க மரங்கள் இருந்ததால்தான் மத்தியானத்தில் ஏதோ மூச்சு விட முடிந்தது. அந்தத் தகரத்தை மாற்றிக் கொடுங்கள் என்று பல வருஷமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

தாளாளருக்குப் பெரிய பட்டுக் கடை இருக்கிறது. பேச்சும் பட்டுத்தான். "நீங்க நல்லபடியா போயிட்டு வாங்க டீச்சர். வந்ததும் மொத வேலை அந்தக் கூரைதான். நான் இருக்கேன் இல்ல?" என்றார். நம்பினேன்.

துருவம் எப்படி இருந்தது என்று இன்றும் கேட்கிறார்கள். உண்மையைச் சொன்னால் யாருக்கும் பிடிப்பதில்லை. முதலில் கடல். குடல் வெளியே வந்துவிடும் என்று நினைக்கும் அளவுக்கு வாந்தி. பிறகு பெங்குவின். படத்தில் பார்த்தால் கொஞ்சத் தோன்றும். பக்கத்தில் போனால் மீன் மார்க்கெட்டைக் கழுவாமல் விட்டது மாதிரி நாற்றம். கூட வந்தவர்களில் பாதிப் பேர் உருகும் பனிக்கு முன்னால் நின்று சிரித்துச் சிரித்துப் படம் எடுத்துக்கொண்டார்கள். ராத்திரிச் சாப்பாட்டில் தட்டுத் தட்டாக வீணாக்கிவிட்டு, காலையில் எழுந்து பூமியைக் காப்பாற்றுவது பற்றிக் கண்ணீர் விட்டார்கள். கண்ணீரை நான் குறை சொல்லவில்லை, தட்டைத்தான் சொல்கிறேன்.

ஆனால் ஒரு நாள் மழை பெய்தது. பனி அல்ல, மழை. நம் ஊரில் ஐப்பசியில் நசநசவென்று பெய்யுமே, அப்படி. பஞ்சு போன்ற இறகோடு நின்ற பெங்குவின் குஞ்சுகள் ஊறிப் போய் நடுங்கின. அந்த இறகு பனியைத் தாங்கும், மழையைத் தாங்காது. கூட வந்த விஞ்ஞானி அம்மாள் அவற்றைப் பார்த்துக்கொண்டே நின்றார். பனிப்பாறையின் உள்ளே தண்ணீர் ஓடும் சத்தம் கேட்டது. ஏதோ வீட்டில் குழாயை மூடாமல் விட்டிருக்கிறார்கள் என்று எழுந்து போய் மூடத் தோன்றுமே, அந்தச் சத்தம். எனக்குப் பயமாக இருந்தது. அன்று சாயங்காலம், இதைப் போய்ச் சொல்லியே தீர வேண்டும் என்று உண்மையாகவே நினைத்தேன்.

சொல்ல வந்தேன். வரவேற்புக் கூட்டத்தில் முதலில் பேசிய பெரியவர், ஏதோ ஒரு கோயில் அறங்காவலர், தெற்கு எமனுடைய திசை என்றும், அந்தத் திசையின் கடைசி வரைக்கும் போய் எமனைப் பார்த்துவிட்டு இந்த அம்மையார் முழுசாகத் திரும்பி வந்திருக்கிறார் என்றும் சொல்லி எனக்கு ஒரு மாலை போட்டார். கூட்டம் கை தட்டியது. நான் மழையைப் பற்றிச் சொன்னேன், குஞ்சுகளைப் பற்றிச் சொன்னேன், நம் ஊர் வெயிலுக்கும் அதற்கும் என்ன சம்பந்தம் என்று சொன்னேன். பேசி முடித்து இறங்கியதும் பெண்கள் வரிசையாக வந்து தங்கள் பிள்ளைகளின் தலையில் கை வைக்கச் சொன்னார்கள். ஒருத்தி, தன் மகளுக்கு வரன் தள்ளிப் போவதாகவும், அங்கே போய்விட்டு வந்த கையால் விபூதி கொடுக்கும்படியும் கேட்டாள்.

இதையெல்லாம் தாளாளர் ஓரமாக நின்று பார்த்துக்கொண்டிருந்தார். கூட்டத்தைப் பார்த்தால் அவர் கண்ணில் ஒரு பளபளப்பு வரும். மறுநாளே கூப்பிட்டு அனுப்பினார்.

"டீச்சர், விழிப்புணர்வுக்கு ஒரு மண்டபம் கட்டறோம். தென்துருவ மண்டபம். உள்ள ஃபுல்லா ஏசி. பனி மாதிரி செட்டு, பெங்குவின் சிலை, பின்னாடி உங்க போட்டோ. காஞ்சிபுரத்துக்குப் பட்டு வாங்க வர்றவங்க கோயில பார்த்துட்டு இங்கியும் வந்து பார்க்கணும்."

"கூரை சார்?" என்றேன்.

"அதுவும்தான். மொதல்ல மண்டபம் வரட்டும்."

"எங்க கட்டப் போறீங்க?"

கையை நீட்டி ஜன்னல் வழியாகக் காட்டினார். புங்க மரங்கள் நின்ற இடம்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மரத்தை வெட்டிவிட்டு அந்த இடத்தில் ஏசி போட்டு, பூமி சூடாவதைப் பற்றி விழிப்புணர்வா என்று முகத்துக்கு நேராகவே கேட்டேன். அவர் கோபித்துக்கொள்ளவில்லை. அவருடைய பெரிய பலம் அதுதான், எதைச் சொன்னாலும் உறைக்காது. "ஆளுக்கொரு செடி நடறோம் டீச்சர், போட்டோவோட" என்றார்.

சரி, இவரை நம்பி உபயோகமில்லை, நானே கூரைக்கு உபயதாரர் பிடிக்கிறேன் என்று கிளம்பினேன். வெளியூர்க்காரர்களுக்கு உபயம் என்றால் என்னவென்று சொல்லிவிடுகிறேன். கோயிலுக்கோ பொது இடத்துக்கோ ஒரு பொருளை வாங்கிக் கொடுத்து, அதன் மேலேயே கொடுத்தவர் தன் பேரை எழுதிக்கொள்வது. மணியிலிருந்து மின்விசிறி இறக்கை வரைக்கும் பேர் இருக்கும். டியூப் லைட்டில் தந்தை பேர், கடை பேர், ஊர் பேர் எல்லாம் எழுதி முடித்தபின் வெளிச்சம் வர இடம் இருக்காது. இந்த ஊரில் தர்மத்துக்குக் குறைச்சலே இல்லை. எழுத இடம்தான் வேண்டும்.

தீர்த்த யாத்திரை போய் வந்தவள் என்ற மரியாதை இன்னும் சூடு ஆறாமல் இருந்தது. கடை கடையாக ஏறினேன். எல்லோரும் எழுந்து நின்று வரவேற்றார்கள், பாதாம் பால் கொடுத்தார்கள். வெயிலை உள்ளே விடாத ஓடு போட வேண்டும், ஆறாம் வகுப்புக் குழந்தைகள் என்றதும் முகத்தில் ஒரு யோசனை ஓடும். ஒரு ஜரிகை வியாபாரி மனதில் இருந்ததை அப்படியே கேட்டுவிட்டார்.

"பேரு எங்கம்மா எழுதறது?"

"எழுதணுமா?"

"எழுதாம எப்படி? உள்ள எழுதினா புள்ளைங்க மட்டும்தான் பார்க்கும். ஓட்டு மேல எழுதினா காக்காதான் வந்து படிக்கணும். மண்டபத்துல ஏதாச்சும் குடுங்க, செய்யறேன்."

மற்றவர்கள் இவ்வளவு நேர்மையாகச் சொல்லவில்லை, ஆனால் எல்லோரும் சொன்னது இதுதான். ஒரு வாரம் அலைந்து பாதாம் பால் குடித்து எடை ஏறியதுதான் மிச்சம்.

மண்டபத்துக்கோ போட்டி நடந்தது. பெங்குவினுக்கு வயிறு வெள்ளை. அகலமாக வேறு இருக்கும். பேர் எழுதுவதற்கென்றே கடவுள் படைத்தது போல இருக்கிறது என்று நம் உபயதாரர்கள் கண்டுபிடித்துவிட்டார்கள். நீளமான பேர் உள்ளவர்கள் பெரிய பெங்குவின் கேட்டார்கள். கோபுரத்துக்குச் சுதை வேலை செய்கிறவரைக் கூட்டி வந்து சிலைகள் செய்யச் சொன்னார் தாளாளர். அந்தச் சிற்பிக்குச் சாமி பொம்மை செய்துதான் பழக்கம். ஒவ்வொரு பெங்குவினையும் தாமரைப் பீடத்தில் நிற்க வைத்தார். அதன் வயிற்றில் சிவப்பு பெயின்ட்டில், இன்னார் குமாரர் இன்னார் உபயம். நடுவில் ஒரு வெள்ளைக் கரடி. வெள்ளைக் கரடி வடதுருவத்தில் இருப்பது சார், இரண்டும் ஒன்றையொன்று பார்த்ததே கிடையாது என்றேன்.

"வெள்ளையா அழகா இருக்குது டீச்சர். ஒண்ணு இருந்துட்டுப் போவட்டுமே" என்றார் தாளாளர்.

இதற்கு நடுவில் கடையில் புதுச் சேலை ஒன்றும் இறக்கினார். என்னுடைய படத்தில் இருந்த பனிப்பாறையின் நீலத்தைச் சாயக்காரரிடம் காட்டி அதே நிறத்தில் பட்டு, கரையில் அன்னப்பட்சிக்குப் பதிலாகப் பெங்குவின். துருவப் பட்டு என்று பேர். திறப்பு விழாவுக்கு நான் அதைத்தான் கட்டிக்கொண்டு வர வேண்டும் என்று ஒன்றை வீட்டுக்கே அனுப்பி வைத்தார். என் கணவர் பிரித்துப் பார்த்துவிட்டு, "நெசவு நல்லா இருக்குது, அந்தப் பறவைதான் வாத்து மாதிரி முழிக்குது" என்றார். அவர் வீட்டில் தறி ஓடிய காலத்தைப் பார்த்தவர், நெசவை விட்டுக்கொடுக்க மாட்டார். நான் பீரோவில் போட்டுப் பூட்டினேன்.

மரங்களை ஒரு ஞாயிற்றுக்கிழமை வெட்டினார்கள். திங்கட்கிழமை காலை நான் போனபோது அடிக்கட்டையில் மஞ்சள் குங்குமம் இருந்தது. பூஜை போட்டுத்தான் வெட்டியிருக்கிறார்கள். வெட்டுவதற்கு முன்னால் கற்பூரம் காட்டிவிட்டால் நம் ஆட்களுக்கு எதுவும் பாவமில்லை. ஆறாம் வகுப்புக் குழந்தைகள் வரிசையை விட்டு விலகிப் போய் அடிக்கட்டையைச் சுற்றி நின்றார்கள். நான் வகுப்பில் எதையும் நடத்தவில்லை.

அதன் பிறகு அந்தக் கொட்டகை கொதித்தது. பதினோரு மணிக்கே தகரம் படபடவென்று சத்தம் போட ஆரம்பிக்கும். குழந்தைகள் கர்சீப்பை நனைத்துத் தலையில் போட்டுக்கொண்டு பாடம் படித்தார்கள். முதல் பெஞ்சில் ஒல்லியாக ஒருத்தி இருந்தாள். அவள் அம்மா விடியற்காலையில் ஸ்ரீபெரும்புதூர் கம்பெனி பஸ்ஸைப் பிடிக்கிறவர். மகளுக்குத் தலை பின்னிவிட நேரம் இருக்காது, அவளே பின்னிக்கொண்டு கோணலாக வருவாள். அவளுக்குத்தான் அடிக்கடி மூக்கில் ரத்தம் வரும். சத்தம் போடாமல் தலையை அண்ணாந்து வைத்துக்கொள்வாள். குனிந்துகொள் என்று எத்தனை தடவை சொன்னாலும், புத்தகத்தில் பட்டுவிடும் டீச்சர் என்பாள்.

நான் தலைமை ஆசிரியையிடம் போனேன். அவர் நல்லவர், ஓய்வு பெற இன்னும் கொஞ்ச காலமே இருக்கிற நல்லவர். "எனக்குத் தெரியாதா டீச்சர்? யார்கிட்ட சொல்றது?" என்று என்னையே கேட்டார்.

மண்டபம் எழுந்து ஏசி பொருத்தியபோது நான் எதிர்பார்க்காத இன்னொன்று நடந்தது. ஏசி என்றால் உள்ளே குளிர்ச்சியை அனுப்பும் பெட்டி ஒன்று. வெளியே சூட்டைத் துப்பும் பெட்டி ஒன்று. அந்த வெளிப் பெட்டிகளை மண்டபத்தின் முன்பக்கம் வைத்தால் அழகு கெட்டுவிடும் என்று பின்சுவரில் வரிசையாக மாட்டினார்கள். பின்சுவருக்கு நேர் எதிரே ஆறாம் வகுப்பின் ஜன்னல். திறப்பு விழாவுக்கு முன்னால் சில நாள் ஓட்டிப் பார்த்தார்கள். உள்ளே பெங்குவின்களுக்குக் குளிர் ஏற ஏற, இந்தப் பக்கம் அடுப்பு வாயைத் திறந்தது போல அனல். ஜன்னலை மூடினால் வெந்து போவார்கள், திறந்தால் கருகிப் போவார்கள். பொம்மைகளுக்கு வியர்க்கக் கூடாது என்பதற்காகக் குழந்தைகளை வேக வைத்த ஊர் வேறு எங்கேயாவது இருக்கிறதா என்று எனக்குத் தெரியாது.

பங்குனியில் திறப்பு விழா. கல்வித் துறையிலிருந்து பெரிய அதிகாரி வருவதாக ஏற்பாடு. அவர் ரிப்பன் வெட்டி உள்ளே நுழைந்ததும், சில்லென்ற மண்டபத்தில் நான் என் துருவ அனுபவத்தைப் பேச வேண்டும். காலையிலிருந்தே ஏசி முழு வேகத்தில் ஓடியது. நான் சாதாரண பருத்திப் புடவையில் போயிருந்தேன். தாளாளர் மேலும் கீழும் பார்த்துவிட்டு வாசல் பக்கம் போனார். விழா நடக்கும் பக்கம் குழந்தைகள் வந்து கூட்டம் போடக் கூடாது என்று ஆறாம் வகுப்பைக் கொட்டகைக்கு உள்ளேயே உட்கார வைத்திருந்தார்கள்.

பன்னிரண்டு மணி வாக்கில் அங்கிருந்து சத்தம் கேட்டு ஓடினேன். அந்த ஒல்லிக் குழந்தை பெஞ்சுக்கும் டெஸ்க்குக்கும் நடுவில் விழுந்து கிடந்தாள். உடம்பு நெருப்பாகக் கொதித்தது, வியர்வையே இல்லை. அதைப் பார்த்ததும் எனக்கு உயிர் போய்விட்டது. அள்ளித் தோளில் போட்டுக்கொண்டு மண்டபத்துக்கு ஓடினேன். பள்ளியிலேயே குளிர்ச்சியான இடம் அது ஒன்றுதான்.

வாசலில் தாளாளர் நின்றிருந்தார். இரண்டு கையையும் விரித்தார்.

"டீச்சர், டீச்சர், இங்க வேணாம். இன்னும் ரிப்பன் கட் பண்ணல."

"சார், குழந்தை மயக்கமாயிடுச்சு."

"தெரியுது டீச்சர். ஆபீஸ் ரூமுக்குத் தூக்கிக்கினு போங்க, ஃபேன் இருக்குது. ஐயா வந்துக்கினே இருக்காரு. அவரு கட் பண்றதுக்கு முன்ன யாராவது உள்ள போனா நல்லா இருக்குமா? கும்பாபிஷேகத்துக்கு முன்ன கருவறைக்குள்ள போவோமா, சொல்லுங்க."

அந்த மனிதர் கொடுமைக்காரர் இல்லை. அதுதான் எனக்கு இன்றும் ஆறவில்லை. அவர் உண்மையிலேயே அப்படித்தான் நினைத்தார். நான் குனிந்து ரிப்பனுக்கு அடியில் நுழைந்தேன். குழந்தையை வெள்ளைக் கரடியின் பக்கத்தில் தரையில் கிடத்தி, ஈரத் துணியால் கழுத்தையும் அக்குளையும் துடைத்துக்கொண்டே இருந்தேன். சமைக்கிற அம்மாவும் பின்னாலேயே நுழைந்து விசிறினார். தலைமை ஆசிரியை ரிப்பனுக்கு வெளியில் நின்றுகொண்டே போனில் டாக்டரைக் கூப்பிட்டார். பக்கத்துத் தெரு டாக்டர் வந்து, அவரும் குனிந்தே உள்ளே வந்து, சரியான நேரத்தில் சூட்டைத் தணித்தீர்கள், இன்னும் கொஞ்ச நேரம் விட்டிருந்தால் சொல்வதற்கில்லை என்றார். குழந்தை கண்ணைத் திறந்து பெங்குவினைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்து, "குளுருது டீச்சர்" என்றாள். அவளைப் பார்த்துக்கொள்ளும்படி சமைக்கிற அம்மாவிடம் சொல்லிவிட்டு வெளியே வந்தேன்.

அதிகாரி வந்து இறங்கியிருந்தார். மாலை, பொன்னாடை, மேளம். தட்டில் கத்தரிக்கோலை நீட்டினார் தாளாளர். நான் மைக்கை வாங்கினேன். "ரிப்பன் வெட்டுவதற்கு முன்னால் பக்கத்து அறையில் ஆறாம் வகுப்பு மாணவிகளின் சிறு நிகழ்ச்சி. ஐயாவும் உபயதாரர்களும் தாளாளரும் தயவுசெய்து இந்தப் பக்கம் வரவும்" என்றேன். அதிகாரிகளுக்கு ஒரு நல்ல பழக்கம், மைக் எந்தப் பக்கம் காட்டுகிறதோ அந்தப் பக்கம் நடப்பார்கள். தாளாளர் என் பக்கத்தில் வந்து கிசுகிசுத்தார்.

"டான்ஸா டீச்சர்?"

"வாங்க சார், பாருங்க."

எல்லோரையும் தகரக் கொட்டகைக்குள் கொண்டுபோய்ப் பெஞ்சில் உட்கார வைத்தேன். குழந்தைகளை வெளியே அனுப்பினேன். மண்டபத்து வராந்தா நிழலில் உட்காரச் சொன்னேன். ஜன்னல் திறந்திருந்தது, ஏசிப் பெட்டிகள் நேராக உள்ளே ஊதிக்கொண்டிருந்தன. கதவருகே நின்றுகொண்டு, எனக்கு எழுதிக் கொடுத்திருந்த தலைப்பிலேயே பேச ஆரம்பித்தேன். 'தென்துருவம் எனக்குச் சொல்லிக் கொடுத்தது' என்பதுதான் தலைப்பு.

அவசரப்படவில்லை. பனி வெள்ளையாக இருப்பதால் வெயிலைத் திருப்பி அனுப்பிவிடுகிறது. அது உருகிக் கீழே உள்ள கறுத்த கடல் தெரிந்தால், கடல் வெயிலை வாங்கி வைத்துக்கொள்கிறது. அதனால் மிச்சப் பனியும் உருகுகிறது என்று சொன்னேன். கரும்பலகையில் படம் போட்டேன். கண்டங்களின் பேரை எழுதினேன். பலகையில் எழுதியது புரியாவிட்டால் கை தூக்குங்கள் என்று குழந்தைகளிடம் சொல்வது போலவே, சந்தேகம் இருந்தால் கை தூக்கச் சொன்னேன். ஜரிகை வியாபாரி அங்கவஸ்திரத்தை எடுத்து முகத்தைத் துடைத்தார், பிறகு கழுத்தை, பிறகு அதைப் பிழிந்தே விட்டார். அறங்காவலர் பெரியவரைப் பார்த்ததும் பயமாகிவிட்டது, அவரை மட்டும் மண்டபத்துக்கு அனுப்பிவைத்தேன். அதிகாரியின் பொன்னாடை எப்போதோ தரையில் இறங்கியிருந்தது.

"ஃபேன் போடுங்கம்மா" என்றார்.

"ஓடிக்கினுதான் இருக்குது சார்" என்றேன். எல்லோரும் மேலே பார்த்தார்கள். ஓடிக்கொண்டுதான் இருந்தது.

மழையில் நனைந்த பெங்குவின் குஞ்சுகளைப் பற்றிச் சொல்லும்போது என் குரல் உடைந்தது. அதை நான் நடிக்கவில்லை. ஆனால் அந்தக் கொட்டகையில் யாரும் குஞ்சுகளைப் பற்றி நினைத்துக்கொண்டிருக்கவில்லை. தங்கள் சட்டைக்குள் ஓடும் வியர்வையைப் பற்றித்தான் நினைத்தார்கள், நானும் அதைத்தான் விரும்பினேன். நடுவில் நிறுத்தி, கொஞ்ச நேரத்துக்கு முன்னால் இந்த அறையில் என்ன நடந்தது என்று சொன்னேன். யார் எந்தப் பெஞ்சில் விழுந்தாள் என்று காட்டினேன். அந்தப் பெஞ்சில் உட்கார்ந்திருந்தவர் எழுந்துவிட்டார்.

தாளாளருக்கு முகம் முழுக்கச் சிவந்திருந்தது. வெளியே நாதஸ்வரக்காரர், எப்போது ஊத வேண்டும் என்று தெரியாமல் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"டீச்சர், முடிச்சிக்கலாமே" என்றார் தாளாளர், மெதுவாக.

"பீரியட் முடியட்டும் சார். அந்தப் புள்ளைங்கள மணி அடிக்கறதுக்கு முன்ன நாம என்னிக்காவது வெளிய விட்டிருக்கோமா?"

மணி அடிக்கும் வரை நடத்தினேன்.

வெளியே வந்த அதிகாரி, ரிப்பனைக் கவனிக்காமல் தாண்டி உள்ளே போய் ஏசிக்கு நேராக நின்றார். அங்கே நின்றபடியே, கூரையை மாற்றும் வரை அந்தக் கொட்டகையில் ஒரு குழந்தையும் உட்காரக் கூடாது என்று சொன்னார். கருணையில் சொன்னார் என்று நான் நினைக்கவில்லை. சட்டை முதுகில் ஒட்டிக்கொண்டிருந்தது, அதனால் சொன்னார். அடுத்த வருஷம் வேறு அதிகாரி வருவார், அவர் சட்டை காய்ந்திருக்கும்.

எனவே ஆறாம் வகுப்பு இப்போது தென்துருவ மண்டபத்தில் நடக்கிறது. கூரையை இன்னும் மாற்றவில்லை, உபயதாரர் தேடிக்கொண்டிருக்கிறார்கள். என் மேல் தாளாளருக்குக் கோபம்தான், ஆனால் தென்துருவம் போய் வந்த டீச்சரை வேலையை விட்டு அனுப்பினால் ஊரில் பேர் கெட்டுவிடும். வெளிப் பள்ளித் தாளாளர்களும் சங்கத்துப் பெரியவர்களும் விழிப்புணர்வுக்கென்று வந்துகொண்டே இருக்கிறார்கள். மண்டபத்தில் இடமில்லை, வகுப்பு நடக்கிறது என்று சொல்லிவிட்டு அவர்களைத் தகரக் கொட்டகையில் உட்கார வைத்துத்தான் பேசுகிறேன். மத்தியானத்தில் மட்டும் வரச் சொல்கிறேன்.